கப்பலில் வந்த சோளம்

சோழவந்தான் போகும் சாலையில் பாதியை அடைத்து ஒருவர் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். வண்டியை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தேன். நடுநடுவே ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். நறுக்கென்று உடைந்தால் தலையை ஆட்டிக்கொள்வார். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு இது நிறையத் தேவைப்படும் என்று கேள்விப்பட்டு, அந்த வருஷம்தான் கரும்பை விட்டுவிட்டு மக்காச்சோளம் விதைத்திருந்தார்.

அவருடைய போன் அடித்தது. "சரிண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"யாவாரி பேசுனாரு தம்பி. தூத்துக்குடியில வெளிநாட்டுச் சோளம் கப்பல்ல வந்து எறங்கிருச்சாம். வெலை கம்மியாம். நம்மளது இப்பத்தைக்கு வேணாமாம்."

அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. தார்ப்பாய் பக்கத்திலேயே கிடந்தும் அவர் அசையவில்லை.

"அண்ணே, நனையுதுண்ணே! மூடுங்க."

"இம்புட்டையும் மூடி வச்சு என்ன செய்ய?"

குரலில் கோபமோ அழுகையோ இல்லை. நானே தார்ப்பாயை இழுக்கத் தொடங்கினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார், யாருடைய சோளத்துக்கோ ஒத்தாசை செய்பவரைப் போல.

மூடி முடித்ததும், "நீங்க நனையாமப் போங்க தம்பி" என்றார். எதிரிலேயே ஒரு புளியமரம் இருந்தது. அவர் ஏன் அதன் அடியில் ஒதுங்காமல் மழையிலேயே நின்றார் என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.