கிணற்றை ஆழமாக்கிய கெட்டிக்காரர்

எண்பத்து மூன்று கலவரத்தில் உயிர் தப்பி, என் புருஷனின் தம்பி கொழும்பிலிருந்து சண்டிலிப்பாய்க்கு வந்து சேர்ந்தார். வந்தது பிழையில்லை. வந்த கையோடு கிணற்றைப் பற்றி எனக்குப் படிப்பிக்கத் தொடங்கியதுதான் பிழை. முப்பது வருஷம் கந்தோரில் பேனா பிடித்து, குழாயைத் திருகித் தண்ணீர் குடித்த மனுஷன்.

தோட்டக் கிணறு எங்கள் இருவருக்கும் பங்கு. ஒரு நாள் அவர் இறைப்பு, மறுநாள் என்னுடையது. புருஷன் செத்த பிறகு எனக்குப் புகையிலைதான் சீவியம்; அவரும் வந்து அதையே நட்டார். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. மாரி மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கடல் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி நிற்கும். அதைக் கலக்காமல் அள்ள வேண்டும். இதை அறிய எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

மாசியில் தண்ணீர் கீழே போனது. அவர் வாங்கிய புது இறைப்பு மிஷினுக்கு அது போதவில்லை. கிணற்றை ஆழமாக்க ஆட்களோடு வந்து நின்றார்.

“தம்பி, கீழை உப்பெல்லே கிடக்குது. தோண்டாதையுங்கோ.”

“மச்சாள், ஆழம் கூடினால் தண்ணி கூடும். உது கணக்கு.”

“ஓம், கூடும். கடலிலையும் கனக்கத்தான் கிடக்குது.”

கல்லுடைக்க அலவாங்கு பிடித்து நின்றவன் சிரித்துவிட்டான். இவர் சிரிக்கவில்லை. இரண்டு முழம் இறக்கினார்.

தண்ணீர் பொங்கி வந்தது. “பாத்தீங்களோ மச்சாள்?” என்றார். நான் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினேன். அன்றே என் முறையை விட்டுவிட்டு, அயல் கிணற்றில் கேட்டு வாளியால் சுமந்து ஊற்றினேன். பாதிப் புகையிலைக் கன்றைத்தான் காக்க முடிந்தது.

சித்திரையில் சுருட்டுக்காரர் வந்தார். இலையைக் கொளுத்திப் பார்த்துத்தான் அவர் வாங்குவார். கொழும்பாரின் இலை பெரிதாய்த்தான் இருந்தது. மூன்று முறை கொளுத்தினார், மூன்று முறையும் நெருப்பு அணைந்து நூர்ந்தது.

“காத்தாக்கும்” என்றார் எங்கள் படித்தவர்.

“கொட்டிலுக்குள்ளை என்ன காத்து? உப்புத் தண்ணி குடிச்ச இலை எரியாது” என்றார் சுருட்டுக்காரர்.

என் இலையில் நெருப்பு நுனிவரை ஊர்ந்து போனது.

“இப்ப என்ன மச்சாள் செய்யிறது?”

“தோண்டின கல்லைத் திருப்பிக் கொட்டுங்கோ. மாரி வரைக்கும் மிஷினைத் தொடாதையுங்கோ.”

அதே ஆட்கள்தான் வந்தார்கள். தோண்டும்போது கட்டளை போட்டவர், நிரப்பும்போது வீட்டுக்குள் படுத்துக்கொண்டார். கடைசிக் கல் விழும்வரை கிணற்றடியில் நின்றது நான்தான்.