கப்பியில் இறுகிய கயிறு

தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த நான், வேம்பாரில் பாய்மரப் படகு வைத்திருந்தவருக்கு வாக்கப்பட்டேன். இனி வெடிச்சத்தம் இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் ஆசைப்பட்டு அவருடன் கடலுக்குப் போனேன். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு காற்று திடீரென்று வலுத்தது. பாயை இறக்க அவர் கயிற்றைத் தளர்த்தினார். பாய் இறங்கவில்லை. பாய்மரத்தின் உச்சியில் இருந்த கப்பியில் கயிறு இறுகிக்கொண்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. செல்போனில் டவர் இல்லை.

“செல்வி, சுக்கானைப் பிடி! காத்து வர்ற பக்கமா படகைத் திருப்பி வையி. நான் மேல ஏறி அறுத்து விடுதேன்.”

திருப்பினேன். பாய் சரவெடி போலப் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடத்தான் எனக்குத் தெரியும். அங்கே ஓட இடமில்லை. என் கை நழுவினால் மேலே தொங்கும் அவர் கடலில் விழுவார். அழுதுகொண்டே சுக்கானைப் பிடித்திருந்தேன். ஒருவழியாகக் கயிறு அறுந்து பாய் சரிந்து விழுந்தது.

துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்ததும் கப்பியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த உருளை உப்பேறித் துருப்பிடித்திருந்தது.

“போன வாரமே இறுக்கமாத்தான் இருந்துச்சு. சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல.”

“சொல்லாமக் கூட்டிட்டுப் போயிட்டீகளே! பயந்திருந்தா கெளம்ப விட்டிருக்க மாட்டேன்ல?”

அவர் கப்பியை என் கையில் வைத்தார்.

பயப்படுவதற்கு இப்போது நான் வெட்கப்படுவதில்லை. அவர் கடலுக்குக் கிளம்பும் முன் கப்பியை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போட்டு, கயிற்றை நானே இழுத்துப் பார்க்கிறேன். நான் சரி என்று சொல்லும்வரை அவர் மணலில் காத்திருக்கிறார்.