எதிர் அறையில் இருந்த சகுந்தலா

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அட்டைப்படத்தை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது மாலதியிடமிருந்து போன் வந்தது. மாலதி 'சிறுவாடு' வார இதழின் துணை ஆசிரியர். எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான். இருந்தாலும் போனில்தான் பேசிக்கொள்வோம், அதுவும் சண்டைக்குத்தான். எரிச்சலோடு எடுத்தேன். "சார், சகுந்தலாக்கா தவறிட்டாங்க. சத்தியமங்கலத்துல, ஊட்டுலயே. மாரடைப்புங்க" என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கோவையில் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், 'சிறுவாடு' ஆசிரியர் சகுந்தலா எனக்கு எதிரி என்று. அவருக்கு அஞ்சலி எழுதும்படி மாலதி என்னைக் கேட்டது வேடிக்கைதான். ஆனால் அவரை வாரம் தவறாமல், வரி விடாமல் படித்தவர்கள் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளியின் குடும்பம் மில் நடத்திக்கொண்டிருந்த குடும்பம். விவசாயிகளுக்கு ஒரு மாத இதழ் என்று தொடங்கி, பிறகு பெண்களுக்காக 'கைவளை' வார இதழைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஆசிரியர் நான். அச்சு இயந்திரம் பார்க்க ஜெர்மனி போன முதலாளி, அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் ஒரு பத்திரிகை நிறுவனத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஒரே கட்டடத்தில், ஒரே வாசகிக்காக இரண்டு இதழ்கள். ஒன்றோடொன்று மல்லுக்கட்டியே இரண்டும் வளர்ந்தனவாம். திரும்பி வந்தவர் எங்களைக் கூப்பிட்டு, "வேற எவனாச்சும் நமக்குப் போட்டியா வர்றதுக்குள்ள நாமளே ஒண்ணு போட்டுப்போடலாமுங்க" என்றார். 'கைவளை' மகன் பொறுப்பில் இருந்தது. புதிய 'சிறுவாடு' மகளுக்கு என்று முடிவாயிற்று. அதன் ஆசிரியராக வந்தவர்தான் சகுந்தலா.

முதல் நாளே நேராக என் மேசைக்கு வந்தார். "ஏனுங்க ஜாபர், உங்க வாசகிக பூராத்தையும் எடுத்துக்கலாம்னு வந்திருக்கேனுங்க. கோவிச்சுக்காதீங்க. ஒரு ஆம்பளை எத்தனை நாளைக்குத்தான் பொம்பளைகளுக்குப் பத்திரிகை நடத்துவீங்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னதைச் செய்தார். நான் அட்டையில் பட்டுப்புடவை போட்டால் அவர் கடன் வாங்காமல் கல்யாணம் செய்வது எப்படி என்று போடுவார். நான் அழகுக்குறிப்பு போட்டால் அவர் மில் வேலைக்குப் போகும் பெண்ணின் முழங்கால் வலியை எழுதுவார். சாப்பாட்டு அறை மட்டும் இரண்டு இதழுக்கும் பொது. அங்கே வந்தால் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மழை வருமா வராதா என்று பேசுவோம். யாராவது அடுத்த வாரத்தைப் பற்றி வாயைத் திறந்தால், "சோத்தைத் திங்க உடுங்க சாமி" என்பார் சகுந்தலா.

பிறகு காகித விலை ஏறியது, வாசகிகள் போனுக்குப் போனார்கள். இரண்டு இதழும் இளைத்தன, என்னுடையது கூடுதலாக. ஒரு நாள் முதலாளி எல்லோரையும் ஆர்.எஸ்.புரம் அலுவலகத்தின் பெரிய அறைக்கு அழைத்தார். என் பின்னால் என் ஆட்கள் நின்றார்கள். பக்கம் வடிவமைக்கும் செல்வராஜ் அப்போதுதான் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். மெய்ப்புத் திருத்தும் சரோஜா வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். முதலாளி சுற்றிவளைக்கவில்லை. "கைவளையை நிறுத்திப்போடலாம்னு இருக்கேனுங்க" என்றார். அவர் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

சகுந்தலா எழுந்தார். கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்படீன்னா நானும் கெளம்பறேனுங்க" என்றார்.

"ஏனுங்க அம்மணி, செயிச்சது நீங்கதானுங்களே?" என்றார் முதலாளி.

"இந்த மனுசன் என்ன போடுவாரோன்னு பயந்துதானுங்க நான் வாராவாரம் அட்டைப்படத்தை மூணு தடவை மாத்தறேன். அந்தப் பயம் போச்சுன்னா என்னோடதும் படுத்துக்கும். ஜெர்மனியில நீங்க பார்த்துட்டு வந்ததே இதைத்தானுங்களே? பாதியில உட்டுப்போட்டா எப்படிங்க?"

முதலாளி அந்த அடையாள அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கடைசியில் விரலால் அதைச் சகுந்தலா பக்கம் தள்ளினார். "ஒரு வருசம் பார்க்கலாமுங்க" என்றார்.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். சகுந்தலா தலையைத் தூக்கவில்லை. "நன்றியெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. உங்க சமையல் பகுதி எழுதற அம்மணிகிட்ட நேத்தே பேசிப்போட்டேன். அடுத்த மாசத்துல இருந்து எங்களுக்குத்தான் எழுதறாங்க" என்றார். என்னைக் காப்பாற்றிய கையோடு என் மடியில் இருந்ததையும் எடுத்துக்கொண்டவர்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே ஒரு புதுத் தொடரைத் தொடங்கினேன். அந்தத் தொடர்தான் கைவளையை நிமிர்த்தியது.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். இரண்டு இதழையும் ஒன்றாக்கிவிடலாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இத்தனை வருடம் நான் கனவு கண்ட வார்த்தை அது. வேண்டாம், இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும், 'சிறுவாடு' இதழுக்கு மாலதியை ஆசிரியர் ஆக்குங்கள் என்றேன். பக்கத்தில் இருந்த முதலாளியின் மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

நேற்று மாலதியின் முதல் இதழ் கடைக்கு வந்தது. நாங்கள் இரண்டு மாதமாக அலைந்தும் பேட்டி தராத ஒரு பெண்மணி, அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் செல்வராஜிடம், முடிந்துவிட்ட பக்கங்களையெல்லாம் கலைக்கச் சொன்னேன். "யார் மேல சார் இத்தனை கோவம்?" என்று கேட்டார் அவர். சகுந்தலா மேல் என்றேன். அவர் எனக்கென்று விட்டுப்போனது இந்தக் கோபம்தான். இதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.