கையைக் காட்டாத தொழிலாளர்கள்

நர்சம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் ஆஸ்பத்திரி வார்டில் ஓடியாடியவரை, வேலையால் வரும் தோல் நோய்களைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். கட்டடம், சலவைக்கூடம், முடிதிருத்தகம், பெரிய சமையற்கூடம் என்று நாலு இடம், நூற்றிருபது பேர். படிவத்தின் முதல் கேள்வி: "தோல் நோய் உண்டா?"

மூன்று நாளும் ஒரே பதில்தான். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா." ஒருவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே சொன்னார்.

நான்காம் நாள், கட்டட வேலை நடக்கும் இடத்தில், நர்சம்மா படிவத்தைப் பைக்குள் போட்டுவிட்டுத் தொழிலாளர்கள் நடுவே மணல் குவியலில் உட்கார்ந்தார். தன் கைகளை நீட்டினார். கழுவிக் கழுவி விரல் கணுக்கள் வெடித்துக் கிடந்தன.

"இது என் கை. உங்க கையைக் காட்டுங்க பார்ப்போம்."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நர்சுக்கே இந்தக் கதியா?" என்றபடி சிமெண்ட் அரித்த உள்ளங்கையை விரித்தார். அவரைப் பார்த்து இன்னும் ஏழு பேர்.

சமையற்கூடத்தில் பாத்திரம் தேய்க்கும் பெண் மட்டும் லேசில் மசியவில்லை. எந்நேரமும் ரப்பர் கையுறையோடு இருந்தவர், ஒருநாள் மதிய இடைவேளையில் தானாகவே வந்து அதைக் கழற்றினார். கையெல்லாம் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"மேனேஜர் பார்த்தா வீட்டுக்கு அனுப்பிடுவாரோன்னு பயம்க்கா. சோப்புத்தண்ணி ஒத்துக்கலைன்னுதான் இதைப் போட்டுக்கிட்டேன். நாளுக்கு நாள் அதிகமாத்தான் ஆகுது. பிள்ளைங்க துணியைக்கூட என்னால பிழிய முடியல."

நர்சம்மா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே, கோடு கிழித்தாற்போல் சிவப்பு நின்றுவிட்டிருந்தது. கையுறையின் விளிம்பும் சரியாக அங்கேதான்.

"சோப்பைத் திட்டிக்கிட்டு இருக்கோம். எனக்கென்னமோ இந்தக் கையுறை மேலதான் சந்தேகம்."

நர்சம்மா அழைத்துப்போன தோல் டாக்டர், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, சோப்பு, ரப்பர் என ஒவ்வொன்றையும் வைத்த சின்னச் சின்னப் பட்டைகளை அந்தப் பெண்ணின் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். ரப்பர் பட்டை இருந்த இடம் மட்டும் தடித்திருந்தது.

மேனேஜரிடம் நர்சம்மாவே பேசப் போனார். சண்டைக்குத் தயாராகத்தான் போனார். அந்த மனிதரோ தலையைச் சொறிந்தார்.

"அந்தக் கையுறையை வாங்கிப் போட்டதே நான்தாங்க. நல்லதுன்னு நினைச்சேன். வேற எது வாங்கணும்னு எழுதிக் கொடுங்க."

பருத்தி உறையும் அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் வந்தன. களிம்பும் தடவ, ஒரு மாதத்தில் கொப்புளம் வற்றி, உரிந்த இடத்தில் புதுத் தோல் மூடியது. அந்தப் பெண்ணே இன்னும் ஐந்து பேரை நர்சம்மாவிடம் இழுத்து வந்தார்.

கணக்கெடுப்பு முடிந்தபோது, நூற்றிருபதில் நாற்பத்தேழு பேருக்குத் தோலில் தொந்தரவு என்று தெரிந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே வேலையிலேயே இருந்து குணமாகக்கூடியவர்கள். அறிக்கையில் அந்த வரியின் கீழ் நர்சம்மா அழுத்தமாக ஒரு கோடு போட்டார். அடுத்த திங்கட்கிழமை, அங்குள்ளவர்களின் கைகளையும் பார்க்கச் செருப்புத் தொழிற்சாலைக்குப் புறப்பட்டார்.