பொழுதோட ஒரு ஆள் வேணும்

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடின வருஷம் எங்கள் வீட்டுக்குச் சாயங்கால வேலைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அப்போது அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மூத்தவனுக்கு இரண்டு வயது. அடுத்தது வயிற்றில் இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, குடம் தூக்காதே, ஆட்டுக்கல்லில் உட்காராதே, பிள்ளையை இடுப்பில் வைக்காதே என்று சொல்லி அனுப்பினார். இந்த மூன்றையும் விட்டுவிட்டால் சாயங்காலத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்பதையும் அவரே சொல்லியிருக்கலாம்.

பகல் எப்படியோ ஓடிவிடும். பொழுது சாயும் நேரம்தான் வினை. தெருக்குழாயில் அப்போதுதான் தண்ணீர் வரும். மாவு ஆட்டுவதும் விளக்குச் சிம்னி துடைப்பதும் அப்போதுதான். என் மகனுக்கு உலகத்தின் மேல் கோபம் வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். காரணம் கேட்கக்கூடாது. சூரியன் இறங்குவது அவனுக்குச் சம்மதமில்லை, அவ்வளவுதான். வாசலில் மல்லாந்து விழுந்து அவன் போடும் கூச்சலில் எதிர்வீட்டு எருமை கட்டுத்தறியை இழுக்கும்.

முதலில் வேலைக்கு வந்த அம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மருமகள் கதையை ஆரம்பித்தாள். கதை பாதி முடிவதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அடுத்து வந்தவள் விளக்கு வைத்த பிறகு துடைப்பத்தைத் தொடமாட்டேன் என்றாள், லட்சுமி வெளியே போய்விடுவாளாம். சரி, விளக்கு வைக்கும் முன்னால் வா என்றால், அந்த நேரத்தில் அவள் வீட்டைப் பெருக்க வேண்டுமே. அவள் பேச்சில் ஒரு குற்றமும் இல்லை. என் வீடுதான் பெருக்காமல் கிடந்தது.

இந்த லட்சணத்தில் நான் காண்போரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தபோது, காலையில் மோர் கொண்டுவருகிற பெண் ஒரு நாள் பானையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, பொழுதோட ஒரு ஆள் வேணும்னீங்களே. ஒருத்தரு இருக்காருங்க."

"ஆரு?"

"எங்கூட்டுக்காரருங்க."

நான் சிரித்துவிட்டேன். மீசை வைத்த ஆள் பிள்ளையைத் தாலாட்டுவதை நினைத்தால் சிரிக்காமல் என்ன செய்வது? அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அவள் புருஷன் ஊருக்கு வெளியே இருந்த கள்ளுக்கடையில் ரொம்ப வருஷமாக ஊற்றிக் கொடுக்கிற வேலை பார்த்தவர். ஊற்றுகிற கை வாய்க்கும் போகும். கடையை மூடினதும் இனிக் குடிப்பதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

"சத்தியம் பகலெல்லாம் நல்லா நிக்குதுங்க அம்மிணி. பொழுது சாஞ்சாத்தான் ஆடுது. கடைய அடச்சுப்போட்டாங்க, பொழுதை ஆருங்க அடைக்கறது? நாங்க வர்ற வழியில இருக்கற பனந்தோப்புக்குள்ள இன்னும் ஒளிச்சு வெச்சுக் குடுக்கறாங்க. அவுரு காலு தானா அங்க போவுது. விளக்கு வெச்சுச் சோறு உங்கற வரைக்கும் ஒரு ஊட்டுல புடிச்சு வெச்சாப் போதுமுங்க. அதுக்கப்பறம் படுத்தாத் தூங்கிருவாரு."

"கூலி?"

"நீங்க குடுக்கறதை என்ற கையில குடுங்க, அவுரு கையில வேண்டாமுங்க." பானையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டே சொன்னாள். "இந்தத் தடவ சத்தியம் தப்புனாருன்னா, இந்தப் பானையோட இளம்பிள்ளை ஊருல எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிருவனுங்க. சொல்லிப்போட்டேன்."

சொன்னால் செய்கிற முகம் அது. நான் பிள்ளையைப் பார்க்க ஆள் தேடப் போய், ஆளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற வேலை என் தலையில் விழுந்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. என் வீட்டுக்காரரை ஆபீஸில் அப்போது மதுவிலக்குப் பிரிவில் போட்டிருந்தார்கள். குடியின் தீமைகளைத் தாள் தாளாக நகல் எடுத்து எடுத்து அவர் நடுவிரலில் காய்ப்பு விழுந்திருந்தது.

"ஊத்திக் குடுத்தவனையே ஊட்டுக்குள்ள கூட்டியாந்து வெக்கறேங்கறியே, ஆபீஸுல தெரிஞ்சா என்ற மானம் என்னாகும் புள்ள?" என்று குதித்தார்.

"கடைய மூடுனது உங்க ஆபீசுதானுங்களே. மூடுனதுக்கப்பறம் அந்த மனுசன் பொழுதோட எங்க போவாருன்னு எந்தத் தாள்லயாவது எழுதியிருக்கீங்களா?" என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதுதான் எங்கள் வீட்டில் சம்மதத்துக்கு அடையாளம்.

வந்தவர் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றார். கறுப்பு உருவம், நரைத்த மீசை, இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒன்றோடொன்று பிசைந்துகொண்டிருந்தார். மகன் அப்போது வாசலில் வழக்கமான இடத்தில் மல்லாந்து கிடந்தான். நான் ஓடினேன். அவர் ஓடவில்லை. மெதுவாகப் போய் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஆருங்க சாமி உங்களை ஏதோ சொன்னது? சொல்லுங்க, நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்."

மகன் கூச்சலை நிறுத்தி அவரைப் பார்த்தான். பிறகு ஆகாயத்தைக் காட்டி ஏதோ உளறினான்.

"ஆமாங்க சாமி, அவன் மேலயும் தப்புத்தான். உடுங்க. எந்திரிங்க, ஊட்டுக்குப் போலாம்."

பின்புறமாகப் போய், அக்குளில் கைகொடுத்து, ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினார். வாந்தி எடுத்தாலும் தம் மேல் படாத பக்கத்திலிருந்து தூக்கினார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. தள்ளாடுகிறவர்களிடமும் வம்புக்கு நிற்கிறவர்களிடமும் காலமெல்லாம் பழகிய மனுஷன். என் மகன் அவருக்குப் புது ஆள் இல்லை, பழைய வாடிக்கைதான்.

வேலை என்று பார்த்தால் பாதிக்குப் பாதிதான் தேறும். தண்ணீர் பிடித்து நிரப்பிவிடுவார். மாவை நிமிஷத்தில் ஆட்டிவிடுவார். ஆனால் பிள்ளை தரையை நனைத்தால் துணியைத் தேடமாட்டார். வெளியே போய் ஒரு கை மணல் அள்ளிவந்து அதன்மேல் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். கடையில் அப்படித்தானாம். வாரக்கடைசியில் என் கூடத்தில் பாதி ஆற்றங்கரை இருந்தது. பாலைக் காய்ச்சி ஆற்றச் சொன்னால் நுரை பொங்கப் பொங்க உயரத்திலிருந்து ஊற்றுவார், பார்க்க அழகாக இருக்கும். குடித்தால் தண்ணீராக இருக்கும். நான் கேட்டதற்கு, "பச்சையாக் குடுத்தாத் தாங்காதுங்க அம்மிணி. பாதிக்குப் பாதி கலந்தாத்தான் சாமிக்கு நல்லது" என்றார். தண்ணீர் கலக்காமல் எதையும் ஒருவர் கையில் கொடுக்க அவரால் முடியவில்லை. அதற்கு நான் அவரைத் திட்டிய திட்டுக்கெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். வாடிக்கைக்காரரை எதிர்த்துப் பேசக்கூடாது என்பதும் கடைப்பழக்கம்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெயில் தாழத் தொடங்கியதும் அவர் விரல்கள் நடுங்கும். மகனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டால் நடுக்கம் நிற்கும். ஒருவருக்கு ஒருவர் துணையாகக் கொல்லையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். விளக்கு வைத்து, பிள்ளை உறங்கி, அவரும் சோறு தின்று கை கழுவினால் முகம் தெளிந்துவிடும். அன்றைய பொழுது தாண்டியாகிவிட்டது. மறுநாள் காலையில் மோர்க்காரி என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். நான் தலையாட்டினால் ஒரு கரண்டி மோர் கூடுதலாக விழும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரின் ஹெட் குமாஸ்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வேலைக்காரரைக் கொல்லையில் இருக்கச் சொல்லிவிட்டோம். பெரியவருக்குக் காப்பி, மகனுக்குப் பால். மகன் பாலை ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்து, 'ஹா' என்று நெடுமூச்சு விட்டான். பிறகு டம்ளரைத் தரையில் தட்டினான்.

"இன்னொரு மொந்த ஊத்தப்பா! சுண்டல் எங்க?"

மொந்தை என்பது கள் குடிக்கிற மண்கலயம். அது ஹெட் குமாஸ்தாவுக்குத் தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரர் சுவரில் பல்லியைத் தேடினார்.

"குழந்தை இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டது?" என்றார் பெரியவர்.

"காலையில மோர்க்காரம்மா வருவாங்க, அவங்க வீட்டுப் பேச்சுங்க" என்றேன் நான். முழுப் பொய் இல்லை. அவர் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, புறங்கையால் மீசையைத் துடைத்து அவரும் ஒரு 'ஹா' விட்டார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

அவர் தலை மறைந்ததும், "நாளையோட அந்தாளை நிறுத்திரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நிறுத்துனா மோர்க்காரி கதி என்னாகறதுங்க?"

"அது நம்ம வேலையில்ல புள்ள."

"நம்ம வேலைதானுங்க. ஒத்துக்கிட்டாச்சு" என்றேன். சட்டை ஆணிக்குப் போகவில்லை, நாற்காலியிலேயே கிடந்தது.

இந்த நிலைமையில் சேந்தமங்கலத்துப் பக்கம் என் பிறந்த ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தது. வயிற்றுப்பிள்ளையோடு வந்து ஆத்தாளைக் கும்பிட்டே ஆகவேண்டும் என்று ஆள் மேல் ஆள் வந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் கிளம்ப வேண்டும். அவரிடம் சொன்னேன்.

"எத்தன பொழுதுங்க அம்மிணி?" என்று கேட்டார். எத்தனை நாள் என்று கேட்கவில்லை.

"ஒரு வாரம் ஆகும்."

அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். மறுநாள் காலையில் மோர்க்காரி வந்தாள். மோரை ஊற்றிவிட்டு என் மகன் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டு போனாள்.

நோம்பியில் எனக்கு மனசு ஒட்டவில்லை. பொழுது சாய்ந்து பறை முழங்க ஆரம்பித்தால், அங்கே கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு நான் அந்தப் பனந்தோப்பையே நினைத்துக்கொண்டிருப்பேன். பயமாகத்தான் இருந்தது. ஒரு குடித்தனம் நிற்பதும் விழுவதும் என் மகனின் கூச்சலில் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுப் பூட்டைத் திறப்பதற்கு முன்னால் எதிர்வீட்டு அம்மாள் வந்துவிட்டாள்.

"உங்க பையனோட நடைவண்டி கொல்லையில இருக்குதான்னு பாருங்க. நீங்க போன அன்னிக்கே பொழுதோட அந்தாளு படலைத் திறந்து தூக்கிக்கிட்டுப் போனதை இந்தக் கண்ணால பாத்தேன்."

வேப்பமரத்தடியில் நடைவண்டி இல்லை. மகன் நடக்கப் பழக என் அப்பா தச்சரிடம் சொல்லிச் செய்து அனுப்பிய வண்டி. மூன்று சக்கரம், மேலே பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக்கட்டை. இப்போது அவன் ஓடவே பழகிவிட்டான், அதில் கல் ஏற்றுவதோடு சரி.

"போச்சு. தோப்புக்குள்ள போய் மொந்தையா மாறியிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்காக இல்லை.

வெயில் தாழ்ந்தது. மகன் வழக்கமான இடத்தில் மல்லாந்து படுத்து ஆரம்பித்தான். அந்தக் கூச்சலையும் மீறி ரோட்டுப் பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. மகன் சட்டென்று வாயை மூடினான்.

அவ்வளவு பெரிய உடம்பு இரண்டாக வளைந்து, முழங்கால் உயரத்துக் கட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, காலி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். பின்னால் தெருப்பிள்ளைகள் எல்லாம் "தாத்தா நடை பழகுது, தாத்தா நடை பழகுது" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் மோர்க்காரி வந்தாள். அவள் தலையில் பானை இல்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் நிமிர முடியாமல் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்காம எடுத்துட்டனுங்க அம்மிணி. கை சும்மா இருந்தா ஆகாதுங்க. இதைப் புடிச்சுக்கிட்டா ரெண்டு கையும் மாட்டிக்குது. தெனமும் பொழுதோட தள்ளிக்கிட்டே இங்க வருவேன், பூட்டைப் பாத்துப்போட்டுத் திரும்பத் தள்ளிக்கிட்டே ஊடு போவேன்."

"தோப்பு வழியிலதானே வரோணும்?" என் வீட்டுக்காரர் ஆபீஸ் குரலில் கேட்டார்.

"ஆமாங்க எசமான். அங்க நின்னு கூப்படத்தான் செஞ்சாங்க. தோப்புக்குள்ள பூரா மணலுங்க, இந்த வண்டி உருளாது."

"உட்டுப்போட்டுப் போயிருக்கலாமே?"

"சாமியோடதுங்களே, எப்படிங்க நடுரோட்டுல உட்டுப்போட்டுப் போறது?"

மகன் ஓடிவந்து "என்னுது" என்று வண்டியைப் பிடுங்கினான். அவர் கொடுத்துவிட்டார். வெறுங்கையாக நின்ற அந்த விரல்கள் லேசாக ஆட ஆரம்பித்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். என் வீட்டுக்காரர் மகனைத் தூக்கி அந்தக் கைகளில் கொடுத்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நாலைந்து நாள் கழித்து, தச்சர் ஒரு புது நடைவண்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வாசலில் இறக்கினார். குறுக்குக்கட்டை என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. சக்கரம் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். யார் சொன்னது என்று கேட்டேன்.

"உங்க ஊட்டுக்காரருதானுங்க. இத்தன ஒசரம் எதுக்குங்க, கொழந்தைக்கு என்ன வயசுன்னு கேட்டனுங்க. நடை பழகற வயசுதான்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாருங்க."