முன் பிரேக்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் நின்றே இஸ்திரி போட்டவள், ஐம்பது தாண்டிய பிறகு மலைச் சைக்கிள் ஓட்டக் கிளம்பினாள். தெரு சும்மா இருக்குமா?

"பேரன் எடுக்கிற வயசுல மலை மேல சைக்கிளா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஏன், பேரனைக் கேரியர்ல வெச்சுக்கிட்டா போறேன்?"

முட்டி தேய்ந்துவிடும் என்றார்கள். முட்டிவலி அவளுக்கு நின்று நின்று வந்தது. பெடல் மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் முனகாமல் மாடி ஏறினாள். உயிரை வெறுத்த இளவட்டங்களின் விளையாட்டு என்றார்கள். செங்குத்தான இடம் வந்தால் அவள் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவாள்.

ஊர்வாயை ஊதித் தள்ளியவளுக்குக் கணவரைத்தான் சமாளிக்க முடியவில்லை. இளமையில் சைக்கிளில் ரொட்டி கொண்டுபோய் விற்றவர் அவர். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்துத் தலைகுப்புற விழுந்து, முன்பற்கள் இரண்டைப் பறிகொடுத்தவர். "பின் பிரேக் போதும். முன்னதைத் தொட்டா குப்புறத் தள்ளிடும்." அவருக்கு அதுதான் வேதம்.

கூட ஓட்டிய நர்ஸ் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தாள்: இறக்கத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டு வேளையில் இவள் அதைக் கணவரிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் இறக்கத்தில் பாறையில் மோதி இறந்தாள்.

அடக்கம் முடிந்த பிறகு சைக்கிள் வீட்டுக்கு வந்தது. இயந்திரப் பொறியியல் படித்த மூத்த மகள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். முன் பிரேக் கேபிள் அறுந்திருக்கவில்லை. அதைப் பிடித்திருந்த நட்டை யாரோ தளர்த்தியிருந்தார்கள். பிடியை அழுத்தினாள். வெறுமனே போய்வந்தது.

"நான்தாம்மா," என்றார் அப்பா, கதவோரம் நின்று. "சொன்னா கேக்க மாட்டா. அதான் அவளுக்குத் தெரியாம அன்னிக்குக் காலையில கழட்டிவிட்டேன். இல்லன்னா குப்புற விழுந்து, பாக்கறதுக்கு முகம்கூட இருந்திருக்காது. இல்லியா?"

இறக்கத்தில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் மட்டும் என்றால் சறுக்கிக்கொண்டே போகும். இரண்டு வரிக் கணக்கு. போனவள் போய்விட்டாள், இருப்பவராவது தூங்கட்டும் என்று நினைத்தாள்.

"ஆமாப்பா."

அந்த ஒரு சொல்லில் அவர் எழுந்து நடமாடினார். சாப்பிட்டார். அவள் முகமாவது மிஞ்சியது தன்னால்தான் என்று எதிர்வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னார்.

பிறகு ஒரு காலை மூத்தவள் வெளியே வந்தபோது, தங்கையின் சைக்கிள் பக்கத்தில் அவர் ஸ்பானரோடு குந்தியிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"சின்னவ அப்படியே அவ அம்மாதான், பயம்னா என்னன்னே தெரியாது. இவளையாவது காப்பாத்த வேணாமா?"

ஸ்பானர் நட்டைக் கவ்விவிட்டது. உள்ளே தங்கை ஹெல்மெட்டைத் தேடி எதையெதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கழட்டாதீங்கப்பா. அதைக் கழட்டினதாலதான் அம்மாவால நிறுத்த முடியல."

அவர் சிரிக்கப் பார்த்தார். "அன்னிக்கு ஆமான்னியே."

"பொய் சொன்னேன்."

அவர் ஸ்பானரை மறுபக்கம் திருப்பி நட்டை இறுக்கினார். அது இறுகி நின்ற பிறகும் கை நிற்கவில்லை.

"போதும்ப்பா," என்றாள் அவள். "மரை போயிடும்."