அல்சூரில் இன்ஜின் ஆறும்வரை

அன்று அங்கே இருந்தது நான்கு பேர்: நான், என் மனைவி செல்வி, வண்டிக்காரர் பன்னீர் அண்ணன், அவர் மனைவி ராணி அக்கா. நடுவில் அவர் விற்கும் பைக். 1989 மாடல், நூறு சிசி டூ-ஸ்ட்ரோக், பளபளவென்று சிவப்பு. கேட்ட விலை நாற்பத்திரண்டாயிரம். என் சட்டைக்குள் இருந்தது நாற்பதாயிரம். போனஸும் ஒரு வருட ஓவர்டைமும். ஏமாந்தால் அது திரும்ப வராது.

காலை ஒன்பதரைக்கு பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறினோம். ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய். ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறி அல்சூரில் இறங்குவதற்குள் பணம் இருக்கிறதா என்று பலமுறை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

"நெஞ்சு வலின்னு நெனச்சு யாராவது எழுந்து சீட் குடுக்கப் போறாங்க. கைய எடுங்க" என்றாள் செல்வி.

நான் எட்டாவதோடு நின்றவன். பழைய வண்டி பார்ப்பது பற்றித் தெரிந்ததெல்லாம் ஷிஃப்டில் கூட இருப்பவர்கள் சொன்னதுதான். அதில் முதலாவது, ஆறிய இன்ஜினைத்தான் உதைத்துப் பார்க்க வேண்டும். சூடான இன்ஜின் நோயை மறைக்கும். போனதும் தொட்டேன். சுட்டது.

"அண்ணா, இது சூடா இருக்கே?"

"இருக்காதா பின்னே? உங்களுக்குக் கறி வாங்க இதுலதான் போய்ட்டு வந்தேன்" என்றார் பன்னீர் அண்ணன்.

"ஆறட்டும், அதுக்குள்ள சாப்ட்ரலாம், வாம்மா" என்று ராணி அக்கா செல்வியின் கையைப் பிடித்தார்.

செல்வி என் காதில் சொன்னாள்: "கறி தின்னுட்டா பேரம் பேச வாய் வராது. பாத்துக்கோங்க."

பிரியாணி வருவதற்குள் சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். கடைசி எண் விழவில்லை. திருட்டு வண்டியோ, நம்பரை அழித்திருக்கிறார்களோ? பன்னீர் அண்ணன் தொழில் பெயிண்டர். அவர் அடித்த சிவப்பு அந்தக் குழிக்குள்ளும் இறங்கியிருந்தது. செல்வி ஊக்கால் சுரண்டினாள். ஆர்.சி.யில் இருந்த அதே ஏழு.

"நம்பரையும் விடமாட்டீங்களாண்ணா?"

"ஒரு கோட் எக்ஸ்ட்ரா. அதுக்குக் காசு கேக்கலம்மா."

இரண்டு தட்டு பிரியாணிக்குப் பிறகு இன்ஜின் ஆறியிருந்தது. அண்ணன் கை கழுவப் போயிருந்தார். உதைத்தேன். உடனே பிடித்தது, புகையும் அளவாக வந்தது. சிரித்து முடிப்பதற்குள் இருமி நின்றுவிட்டது. மறுபடி உதைத்தேன். பேச்சில்லை. நாற்பதாயிரமும் என் கண் முன்னால் புகையாகப் போனது.

"செல்வி, இன்ஜின் போச்சு. கிளம்பு."

ஜன்னலிலிருந்து ராணி அக்காவின் குரல்: "இன்னாபா, பெட்ரோல் டேப்பைத் தொறந்தியா? இந்தாளு வண்டிய நிறுத்துனா மொதல்ல அதைத்தான் மூடுவாரு. வீட்டு கேட்டைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குவாரு, அதை மட்டும் மறக்க மாட்டாரு!"

திறந்தேன். கொஞ்சம் பொறுத்து உதைத்ததும் பாடியது. டேப்பை மூடாமல் நிறுத்தினால் பெட்ரோல் உள்ளே கசிந்து இன்ஜினைக் கெடுக்கும் என்பது எனக்கும் தெரியும். கறி வாங்கி வந்த அவசரத்திலும் மூடியிருக்கிறார் என்றால் அது எங்களுக்காகப் போட்ட வேஷமில்லை, கையோடு ஊறிய பழக்கம். பெயிண்டைப் பார்த்து வராத நம்பிக்கை அந்தச் சின்னத் திருகில் வந்தது.

எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லைதான். செல்விக்கு வந்தது. "பிரியாணி சூப்பர்க்கா. முப்பத்தாறு."

"அடிப்பாவி! ரெண்டு தட்டு தின்னுட்டா?" ராணி அக்கா சிரித்து ஓய்ந்ததும் முப்பத்தெட்டில் முடிந்தது. ஆர்.சி.யில் பேர் மாறும்வரை ஐயாயிரம் பிடித்துக்கொள்கிறேன் என்று தயங்கிச் சொன்னேன். அண்ணன் சாவியை என் கையில் வைத்துவிட்டார். எழுதித் தரவும் கேட்கவில்லை. வீடு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓசூர் ரோடு வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல். சில்க் போர்டு நெரிசலிலும் வண்டி நிற்கவில்லை. போகும்போது அவர்கள் ஏமாற்றிவிடுவார்களோ என்று பயந்தேன். வரும்போது, முன்பின் தெரியாத என்னை இப்படி நம்பிவிட்டார்களே என்று பயமாக இருந்தது. பேர் மாற்ற மனு கொடுத்தாகிவிட்டது. அல்சூருக்கு நான் இன்னும் தர வேண்டியது ஐயாயிரம் ரூபாய்.